பதினைந்து படிகள்

2003ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஜெர்மனியின் ஹம் நகரில் வளர்ந்தோருக்கான கணினி வகுப்பொன்றில் அலோசியஸை முதன்முதலாகச் சந்தித்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வினாத்தாள்களைத் தட்டச்சு செய்யக் கற்பதற்காக நான் சென்றிருந்தேன். கணினியில் கட்டடப் படம் வரையக் கற்பதற்காக அவர் வந்திருந்தார். மன்னாரில் பிறந்தவர், போருக்கு முன்னர் யாழ்ப்பாண நகரில் படவரைஞராக இருந்தவர், இங்கே குழாய்த் தொழிற்சாலையில் இரும்பு தூக்கியவர்.

1982இல் அவர் வரைந்த, எட்டுக் குடும்பங்களுக்கான மாடிவீடு போரில் இடிந்துபோயிருந்தது. போர்நிறுத்தம் வந்ததும், உரிமையாளரின் மகன் மதீசன் டுசல்டோர்ஃபிலிருந்து அதன் பழைய படத்தை அனுப்பியிருந்தார். அதே அத்திவாரத்தில் மீண்டும் கட்டவேண்டும், கணினியில் வரைந்து தாருங்கள் என்பது அவருடைய வேண்டுகோள்.

“கையால கீறேக்க ரெண்டு கிழமை. இதில ரெண்டு நாள். அப்ப நான் என்னத்துக்கு அக்கா முதுகை வளைச்சனான்?”

“அந்த முதுகு இல்லாட்டி உங்களைத் தொழிற்சாலையில ஆர் எடுத்திருப்பினம்?” என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

மார்கழியில் ஒருநாள் திரையைப் பார்த்தபடி அசையாது அமர்ந்திருந்தார். படிக்கட்டுப் பொருந்தவில்லை. மென்பொருள் பதினைந்து படிகளையும் எட்டு அங்குலமாகச் சமமாய்ப் பிரித்திருந்தது. பழைய படத்திலோ மேற்படிகள் பன்னிரண்டும் ஏழரை அங்குலம். கீழ்ப்படிகள் மூன்றும் பத்து அங்குலம். ஏழரைக்குப் பழகி இறங்கும் கால் அங்கே தடுமாறும்.

“முதல்ல பதினாறுதான் வைச்சனான். இரட்டைப்படை ஆகாதெண்டு மதீசன்ர தகப்பன் நிண்டார். விடிஞ்சா நகரசபைக்குக் குடுக்கவேணும். பிளேட்டால மையைச் சுரண்டி, கீழ் நாலையும் மூண்டாக்கிப்போட்டன்.”

அவர் ஏன் அப்படி அமர்ந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஹம்மில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் புஸ்பவதி அந்த வீட்டில் குடியிருந்தவர். 1987இல் ஷெல் விழத் தொடங்கியபோது, ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினார். கீழ்ப்படியில் தடுக்கி விழுந்த பிள்ளை, சீமெந்து விளிம்பில் தலை மோதி இறந்தது. “நான்தான் இழுத்தனான்” என்று பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலைத் தொடருந்தில் அருகே அமர்ந்து, “உங்கட பிழையில்லை, தங்கச்சி” என்று அவரைத் தேற்றிவந்தவர் அலோசியஸ்.

“அவவுக்குச் சொல்லவேணும், அலோசியஸ்.”

“ஏலாது, அக்கா.”

மதீசனுக்குச் சமமான படிகளுடன் படத்தை அனுப்பினார். புஸ்பவதியிடம் ஒன்றும் சொல்லாமல், அவர் ஏறும் தொடருந்துக்கு முந்தியதில் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

“அலோசியஸ் அண்ணைக்கு என்னில என்ன கோபம்? பிள்ளையைக் கொன்றவளோட இருக்க அவருக்கும் அலுத்துப்போச்சோ?” என்று புஸ்பவதி என்னிடம் கேட்டார்.

2005ஆம் ஆண்டின் வசந்தத்தில், நுரையீரல் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்த அலோசியஸிடம் அந்தக் கேள்வியை அப்படியே சொன்னேன். புஸ்பவதிக்குக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார்.

“இழுத்ததால விழேல்ல. படியாலதான் விழுந்தது. அந்தப் படியைக் கீறினவன் நான்.”

மன்னிப்புக் கேட்டு முடிக்கவா என்றேன்.

“வேண்டாம். கேட்டா அவ தந்திடுவா.”

மூச்சு வாங்கியது. அதன்பின் அவர் கேட்டது ஒன்றுதான்:

“இண்டைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ, அக்கா. அவ வந்து ஏசிறதுக்கு ஆள் உயிரோட இருக்கவேணும்.”