ஆணியில் மாட்டிய ஏழாவது ரொட்டி

ஒரோஸாலி பொரித்த முதல் ரொட்டியைத் தின்று பல் தப்பியவர்களில் நானும் ஒருத்தி. டிராக்டர் ஓட்டுகிற மனிதர், ஆறடி உயரம், உள்ளங்கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். மனைவி அனார்கான் இறந்து நாற்பதாம் நாள் கழிந்த வியாழக்கிழமை அவரே மாவு பிசைந்து, அவரே தேய்த்து, பருத்தி எண்ணெயில் ஏழு ரொட்டி பொரித்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் வியாழக்கிழமை எண்ணெய் வாசனை எழும்பாத வீடு கிடையாது. வாசனை இறந்தவர்களுக்கு, ரொட்டி இருப்பவர்களுக்கு. ஏழு ரொட்டி, ஏழு வீடு. வாங்குகிறவர் அங்கேயே ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, "போய்ச் சேரட்டும், ஆமீன்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். ஏழு வாய் அப்படிச் சொன்னால்தான் வேண்டுதல் முடிந்தது என்று கணக்கு. ஆனால் மாவு தேய்ப்பது பெண்கள் வேலை. மீசை வைத்த ஒருவர் முழங்கை வரைக்கும் மாவோடு என் கடை வாசலில் நின்றால் எனக்குச் சிரிப்பு வராதா?

"என்னண்ணே இது, குதிரைக்கு லாடம் அடிக்கச் செஞ்சதா?"

"தின்னு ஊல்கன். அவ பேருக்குத் தின்னு, என் கைப்பக்குவத்துக்குத் தின்னச் சொல்லல."

"மருமககிட்ட பொரிச்சுத் தரச் சொல்றதுதானே?"

"அவ மாஸ்கோவுல இருக்கா. அங்கேருந்து வாசனை இங்க வருமா?"

தின்றேன். ஆமீன் சொன்னேன். அவர் போகவில்லை. இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில், "ஊர் நல்லா இருக்கட்டும், உலகம் அமைதியா இருக்கட்டும்" என்றார். எல்லா விருந்திலும் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். நாங்கள் அதைச் சொல்லும்போதே ஒரு கை இறைச்சித் தட்டுக்கு நீண்டிருக்கும். ஒரோஸாலி அதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார், யாரோ பதில் சொல்லப் போவதுபோல. அனார்கான் அப்படித்தான் நிற்பாள். அவளிடமிருந்து வந்த பழக்கம்.

ஏழாவது வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவில் நாட்டின் எல்லை நடு ரோட்டில் போகிறது. இந்தப் பக்கம் கிர்கிஸ் வீடுகள், அந்தப் பக்கம் தாஜிக் வீடுகள். இரண்டு பக்கத்துக்கும் வாய்க்கால் ஒன்று, ஆப்ரிகாட் ஒன்று, வியாழக்கிழமையும் ஒன்று. அந்த ஏழாவது வீட்டுக்காரர் ஹோல்முரோத், வெல்டர். ஒரோஸாலியின் டிராக்டரில் அவர் பற்றவைக்காத இடம் கிடையாது. "உன் ரொட்டியை உடைக்க என் மெஷின்தான் வேணும்" என்று அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவது என் கடைக்குள் கேட்கும். கத்திவிட்டு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்பார்.

மற்ற ஆறு வீட்டுக்கும் ரொட்டி கையோடு போகும். ஹோல்முரோத் வீட்டுக்கு மட்டும் தட்டில் போகும். நீலத்தில் வெள்ளைப் பருத்திப்பூ போட்ட தட்டு, அனார்கான் கல்யாணத்துக்கு வந்தது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது இரண்டு பக்கத்திலும் கேவலம். ஹோல்முரோத்தின் மனைவி சவ்ரி அதில் வாதுமையோ, உலர்ந்த ஆப்ரிகாட்டோ, ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வெங்காயமோ வைத்து மறுநாள் அனுப்பிவிடுவாள்.

ஒரு செப்டம்பர் வியாழக்கிழமை சாயங்காலம் தட்டு அந்தப் பக்கம் போனது. வெள்ளிக்கிழமை விடியும்போது எல்லையில் சுட ஆரம்பித்தார்கள்.

யார் முதலில் சுட்டது என்று கேட்டால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் ஒரு பதில். எனக்கு என் பதில் தெரியும், சொன்னால் இப்போதும் ரத்தம் கொதிக்கும், அதனால் விடுகிறேன். லாரியில் ஏறி பாத்கென் நகரத்துக்கு ஓடினோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தரையில் படுத்தோம். திரும்பி வந்தபோது என் கடை கரிக்கட்டை. ஒரோஸாலி வீட்டுக்குக் கூரை இல்லை. அந்தப் பக்கமும் எரிந்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பார் அவர், நான் சொல்லாமல் விட்டால்.

நடு ரோட்டில் முள்கம்பி வந்துவிட்டது. ஹோல்முரோத் வீட்டு வாசல் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது, அந்தப் பக்கத்தோடு பேச்சும் செய்தியும் நின்றுபோனது. ஒரு பழைய இரும்புப் பெட்டி வண்டியில் நான் மறுபடி கடை போட்ட முதல் வியாழன், ஒரோஸாலி வந்து மாவும் எண்ணெயும் கேட்டார். தலைமுடியில் இன்னும் சாம்பல் இருந்தது.

"கூரைக்குத் தகரம் வாங்காம ரொட்டியா பொரிக்கப் போறீங்க?"

"எண்ணெய்க் கொப்பரை எரியல. நல்லாத்தான் இருக்கு."

"எத்தனை?"

"எத்தனையா? ஏழு."

"ஏழாவது யாருக்கு?"

அவர் கம்பியைப் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில் கேட்டார்: "ஊல்கன், உனக்கு ஒண்ணு உன் பங்குக்கு. இன்னொண்ணு அவன் இடத்துல நீ தின்னு ஆமீன் சொல்லிடேன். ஏழாவது வாய் இல்லாம அனார்கானோட வேண்டுதல் பாதியில நிக்குது. அவ எப்பவும் அமைதி கேட்டவ, நான் பாதியில விட முடியுமா?"

நான் கடையே அதிரக் கத்தினேன். என் கடையைக் கொளுத்தினவர்கள் பேருக்கு நான் ரொட்டி தின்ன வேண்டுமா, உங்களுக்கு மூளை எரிந்துவிட்டதா, இனிமேல் என் பங்குக்கும் வேண்டாம், இந்த வாசல் பக்கமே வராதீர்கள் என்று. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மாவையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டார்.

"என் பங்குக்கும் வேண்டாம்" என்றேனே தவிர, அன்று சாயங்காலம் எனக்கான ரொட்டியை என் வாசல் பெட்டிமேல் வைத்துவிட்டுத்தான் போனார். ரொட்டியைத் தூக்கியெறிய முடியாது. தின்றேன். ஆமீனும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏழாவதை என்ன செய்கிறார் என்று ஊரே பேசியது. கம்பிவரை கொண்டுபோவார், காவல்காரர்கள் திரும்பிப் போகச் சொல்வார்கள், சொன்னபடி திரும்பி வருவார். ஒவ்வொரு வியாழனும் இதே கூத்து. பனியில்கூட. அப்புறம் அந்த ரொட்டி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டுக்குப் போடுகிறார் என்றாள் ஒருத்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டு குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு வியாழன் எண்ணெய் வாங்க வரவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கால் நிற்கவில்லை, சூப் ஊற்றிக்கொண்டு போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கிழக்குச் சுவர் முழுக்க ரொட்டி. கீழேயிருந்து கூரைவரை ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் பல வாரத்து ரொட்டிகள் கயிற்றில் கோத்துத் தொங்கின. பழையவை ஓடு மாதிரி கறுத்திருந்தன, புதியவை இன்னும் மஞ்சள். அந்தச் சுவரின் சன்னல் வெளிச்சம் ரொட்டிகளின் இடுக்குகள் வழியாக வந்து தரையில் விழுந்தது. அறையே எண்ணெயும் உப்பும் கலந்து மணத்தது. மசூதிக்குள் போகிற மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

எங்கள் வழக்கத்தில், மகன் ராணுவத்துக்குப் போகும்போது ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை அம்மா ஆணியில் மாட்டி வைப்பாள். அவன் திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டிலும் என் மகனுக்கு மாட்டினேன். நல்லபடியாக வந்து தின்றான். ஆனால் அந்தப் பக்கத்து ஆளுக்கு மாட்டியவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அண்ணே," என்றேன். "அவன் உங்களுக்கு மகனா?"

"வரணும்னு நினைக்கிற ஆளுக்குத்தானே மாட்டுவோம்." இருமினார். "அடுப்பு மூட்டித் தர்றியா? இன்னிக்கு வியாழன்."

நானே மாவு பிசைந்தேன். ஏழு தேய்த்தேன். அவர் படுக்கையில் கிடந்தபடியே இறந்தவர்கள் பெயர்களைச் சொன்னார், ஹோல்முரோத்துக்கு ஆயுள் கேட்டார், கடைசி வாக்கியத்தையும் சொன்னார். ஏழாவதை ஆணியில் மாட்டியது நான்தான். ஆனால் அவர் கேட்டதை, அவன் இடத்தில் தின்பதை, அன்றும் என்னால் செய்ய முடியவில்லை. எரிந்த கடை கண்முன் நின்றது. அதை மறைக்க மாட்டேன்.

பெரியவர்கள் எங்கேயோ கூடி, எங்கேயோ கையெழுத்துப் போட்டு, ஒரு வசந்தத்தில் வழி திறந்தார்கள். முள்கம்பியில் ஒரு கதவு வைத்தார்கள். அன்று வியாழன் இல்லை, செவ்வாய். இரண்டு பக்கமும் ஜனம் நின்றது, யாரும் முதலில் நடக்கவில்லை. ஒரோஸாலி குளித்து, வெள்ளைத் தொப்பி போட்டு, கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் நான்.

அந்தப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து சவ்ரி வந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு கையிலும் நீலத் தட்டு, மேலே துணி மூடியிருந்தது.

"தட்டு லேட்டாயிடுச்சு அண்ணே, கோவிச்சுக்காதீங்க."

"ஹோல்முரோத் எங்கம்மா?"

அவள் துணியை விலக்கினாள். தட்டு நிறைய உலர்ந்த ஆப்ரிகாட். அதன்மேல் பாதி ரொட்டி, கறுத்துக் காய்ந்தது, ஓரத்தில் ஒரு கடி.

"அன்னிக்கு வியாழக்கிழமை ராத்திரி பாதிதான் தின்னார். மீதி காலையில டீயோடன்னார். விடியக்காலையில சத்தம் கேட்டு என்னன்னு பாக்க வெளிய போனார், திரும்பி வரல. வாசல்லயே." விலக்கிய துணியை மடித்துத் தோளில் போட்டாள். "அவர் கடிச்ச ரொட்டி. எறிய மனசு வரல. ஆணியில மாட்டி வச்சிருந்தேன். ஒவ்வொரு வியாழனும் உங்க வீட்டு எண்ணெய் வாசனை வரும். அவர் பேரோட அனார்கான் அக்கா பேரையும் சேர்த்துச் சொல்லுவேன்."

ஒரோஸாலி தட்டை வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டாக அவர் இறந்த ஒருவரின் ஆயுளுக்காகக் கைதூக்கியிருக்கிறார். ஹோல்முரோத்தின் பெயரை உயிரோடிருப்பவர்கள் வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்திருக்கும். அந்தப் பெரிய விரல் ரொட்டியின் கடிபட்ட ஓரத்தைத் தொட்டது.

"வாங்கம்மா வீட்டுக்கு," என்றார். "திரும்பி வராத ஆளோட ரொட்டியை இறக்கிப் பங்கு போடணும். நிறைய இருக்கு."

சவ்ரியோடு அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர். கிழக்குச் சுவரைப் பார்த்தவர்கள் தொப்பியைத் தொட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எங்கள் தெருவில் அவ்வளவு பேர் கூடி அவ்வளவு அமைதியாக நின்றதை நான் பார்த்ததில்லை. பழையவை கெட்டுப்போயிருந்தன, அவற்றை வாய்க்கால் மரத்தடியில் புதைக்கத் தனியாக வைத்தோம். மிச்சத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கழற்றி ஒரோஸாலி எல்லோர் கையிலும் கொடுத்தார். இந்தமுறை ஹோல்முரோத்தின் பெயரை அனார்கானுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். பிறகு அந்த வாக்கியம். சொல்லிவிட்டு வழக்கம்போல நின்றார்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானே கை நீட்டினேன்.

"இது அவர் பங்கு," என்றேன் சவ்ரியைப் பார்த்து. "அவர் இடத்துல நான் தின்னுக்கட்டுமா?"

அவள் தலையசைத்தாள். நான் அந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கடித்தேன். கடைவாய்ப் பல்லில் ஒன்று ஆட்டம் கண்டது. முழுசும் தின்றுவிட்டுத்தான் ஆமீன் சொன்னேன்.