ரெஜினா டீச்சர் சந்தேகப்பட்ட கைநாட்டுகள்

ரெஜினா டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். மஞ்சள் காமாலை. இதை எனக்கு உறுதி செய்தவர் அவருடைய தம்பி இன்னாசி. ரயில்வே மருந்தகத்தில் கம்பவுண்டராக இருக்கிறார். அவருக்கு முன்பே ராயபுரம் மார்க்கெட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. முந்திய நாள் மாலை டீச்சர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். இன்னாசி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் நம்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாருக்கும் அவருடைய குணம் தெரியும். எதைச் சொன்னாலும், "யார் சொன்னது? எங்கே எழுதியிருக்கிறது?" என்பார். இருபது வருஷம் ராயபுரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தவர். பள்ளியின் பெயரை எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவர் அறிமுகமானதே ஒரு திட்டில்தான். அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவைப் பற்றி எங்கள் பத்திரிகையில் நான் எழுதிய செய்தியில், "இங்கு எல்லாப் பாடங்களும் செவ்வனே கற்பிக்கப்படுகின்றன" என்று ஒரு வரி இருந்தது. விழாவில் வாசித்த அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்தது. மறுநாள் தெருவில் என்னை நிறுத்தினார்.

"எல்லாப் பாடங்களும் என்று எழுதியிருக்கிறீர்களே, எண்ணிப் பார்த்தீர்களா?"

"அறிக்கையில் இருந்தது, அம்மா."

"சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் பூகோளம் வாரத்துக்கு மூன்று மணி நேரம். மணியடித்த பிறகு அந்த மூன்று மணியும் தையல். சித்திரம் போன வருஷமே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் மட்டும் தேசப்படம் சுவருக்கு வரும். நீங்கள் அந்த வாரம் வந்திருக்கிறீர்கள்."

நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு பள்ளிகளின் அறிக்கைகளை நான் அப்படியே எடுத்தெழுதியதில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் நடந்தது இன்னும் பெரியது. மூன்றாவது பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கும் பெண்கள் ஜூனில் நாலாவது பாரத்துக்குப் போகும்போது ஒரு விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் அல்ஜீப்ராவும் ரசாயனமும். மறு பக்கம் மனையியல், அதாவது சமையலும் தையலும். ஒரு முறை ஒரு பக்கம் போய்விட்டால் எஸ்.எஸ்.எல்.சி. வரை திரும்ப முடியாது. பெற்றோர் ஒப்புதலுக்கு வீட்டுக்குப் படிவம் போயிற்று. திரும்பி வந்த படிவங்களில் ஒன்றுகூட ரசாயனம் கேட்கவில்லை. முழு வகுப்பும் மனையியல்.

பட்டியல் தயாரிக்கும் வேலை ரெஜினா டீச்சருக்கு வந்தது. பெரும்பாலான படிவங்களில் கையெழுத்து இல்லை, கைநாட்டு. டீச்சருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. விஞ்ஞான அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் ரேகை இல்லை. வெறும் மைத் திட்டு. ஒரே ஆள் ஒரே கட்டை விரலால் எல்லாவற்றிலும் அழுத்தித் தேய்த்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். படிவங்களை வீடு வீடாக எடுத்துப் போனவர் பியூன் கோவிந்தன். ஆசிரியைகள் அறையில் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டுவிட்டார்.

கோவிந்தனுக்குக் கோபம் வந்ததை அங்கிருந்த இருவர் எனக்குச் சொன்னார்கள். "இன்னா டீச்சர் இப்டி சொல்லிட்டீங்க? நான் நாலாங் கிளாஸ் பாஸ். சம்பளத்துக்கே கையெய்த்து போடறவன். நான் போயி கைநாட்டு வெச்சா என் மானம் இன்னாவறது?"

"கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்கும் கட்டை விரல் உண்டு" என்றார் டீச்சர்.

அன்று மாலையே என்னிடம் வந்தார். நான் மறுநாள் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் பதறவில்லை. படிவங்களை மேஜைமேல் வைத்தார். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெற்றோர்களே கேட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு எது உதவும் என்று அவர்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, நான் எழுந்த சமயம், குரலைத் தாழ்த்தி, "ரசாயனம் நின்றுபோனால் அந்த அம்மாளுக்கு வேலை இருக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

குறித்துக்கொண்டேன். அது என் தொழில். ஆனால் அதை நம்பவும் நம்பினேன் என்பதை இப்போது சொல்லியாக வேண்டும். டீச்சரிடமே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "ஆமாம், என் வேலையும்தான் போகும். அதனால் நான் சொல்வது பொய் என்று ஆகுமா? ரெண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா?" என்றார். பதில் சரியாக இருந்தது. என் சந்தேகம் போகவில்லை.

கைநாட்டுகளைப் பற்றிய அவருடைய சந்தேகத்தை அப்படியே அச்சுக்குக் கொடுக்க முடியாது, சில வீடுகளுக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். நான் ஒரு மைப்பெட்டி கொண்டுபோனேன்.

முதல் வீடு சவரியப்பனுடையது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குகிறவர். அவருடைய மகள் பிலோமினா அந்த மூன்றாவது பாரத்தில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. வாசலில் உட்கார்ந்திருந்தவர் டீச்சரைப் பார்த்ததும் எழுந்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது.

"வாங்க டீச்சரம்மா. என் கைய கள்ளக் கையின்னு சொல்ட்டீங்களாமே?"

நான் மைப்பெட்டியைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார். ரேகை விழவில்லை. வெறும் மைத் திட்டு. இன்னொரு முறை வைத்தார். அப்போதும் அதேதான்.

"இருவது வருசமா கரிக் கூடை. அல்லாம் தேஞ்சி பூட்ச்சி. போன மாசம் கோயில் திருநாள்ல ஒரு ஜோசியன் கைய காட்டு நைனான்னான். காட்னேன். பாத்துட்டு, உனுக்கு ரேகையே இல்ல, நான் இன்னாத்த சொல்றதுன்னுட்டு எய்ந்து பூட்டான்." அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வீட்டு அந்தோணியம்மா கருவாடு உலர்த்துகிறவர். நாங்கள் கேட்காமலே வந்து தன் விரலையும் வைத்தார். "உப்புல ஊறுன கை இது. இதுல இன்னா கீது பாக்கறதுக்கு?" என்றார். அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது வீடு தேவைப்படவில்லை.

கைநாட்டுகள் உண்மை. டீச்சர் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இருபது வருஷமாக இவர்கள் கையிலிருந்துதான் பிள்ளைகளை வாங்குகிறேன்" என்று மட்டும் சொன்னார். நான் திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். செய்தி செத்துவிட்டது என்று தோன்றியது. அவர் நகரவில்லை. சவரியப்பனிடம் கேட்டார்: "அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள்?"

"இஸ்கூலுக்கு தையல் மிஷினு வருது, அதுக்குன்னு சொன்னாங்கோ."

"ரசாயனம் வேண்டுமா, தையல் வேண்டுமா என்று கேட்கவில்லையா?"

"அத்த ஏன் கேக்கணும்? படிக்கறது படிக்கும், கூட தையலும் கத்துக்கும்னு நெனச்சேன். இருக்கறத எட்துட்டு இத்த குடுப்பாங்கன்னு எவன் சொன்னான்?"

உள்ளேயிருந்து பிலோமினா வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "நான் சொன்னேன் நைனா. அது மிஷினுக்கு இல்லன்னு சொன்னேன். பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதன்ட்ட." பிறகு டீச்சரைப் பார்த்து, "கெமிஸ்ட்ரி இல்லாம கம்பவுண்டருக்குப் படிக்க முடியாதா டீச்சர்?" என்றாள். அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று நின்று அந்த வேலைமேல் ஆசை வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"முடியாது" என்றார் டீச்சர். அவர் பிள்ளைகளிடம் பூசி மெழுகியதில்லை.

திங்கட்கிழமை காலை, எந்த அறையில் குற்றம் சாட்டினாரோ அதே அறையில், எல்லார் முன்னாலும் கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்டார். கோவிந்தன் நெளிந்துகொண்டு, "பரவால்ல டீச்சர். அந்த பூதக்கண்ணாடிய மட்டும் பீரோல வெச்சி பூட்டிடுங்க" என்றாராம். எல்லாரும் சிரித்து முடித்ததும் டீச்சர் அடுத்ததைக் கேட்டார்: "தையல் மிஷின் என்று சொல்லச் சொன்னது யார், கோவிந்தா?" சிரிப்பு நின்றுவிட்டது. "ஆபீஸ்ல இன்னா சொன்னாங்களோ அதான் சொன்னேன்" என்றார் அவர்.

முழு வகுப்பும் மனையியலுக்குப் போனால்தான் இயந்திரங்களும் உதவித் தொகையும் கிடைக்கும் என்று நிர்வாகம் எண்ணியது. இதைப் பள்ளி அலுவலகத்தில் இரண்டு பேர் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். நிர்வாகம் மறுக்கிறது. நான் அச்சிட்டது உறுதியான பகுதியை மட்டும்: பெற்றோர்களுக்குப் படிவம் வாசித்துக் காட்டப்படவில்லை. சிறிய செய்திதான். மார்ச்சில் பள்ளி பெற்றோர்களைக் கூட்டிப் படிவத்தைத் தமிழில் வாசித்தது. பதினோரு பேர் ரசாயனம் கேட்டார்கள். மற்றவர்கள் மனையியலே போதும் என்றார்கள்.

"பார்த்தீர்களா?" என்று தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். டீச்சர் குறுக்கிட்டார். "தெரிந்து கேட்டால் சமையலும் படிப்புதான். அவர்களுக்கு அதைக் கொடுங்கள். இந்தப் பதினோரு பேரும் தெரிந்துதான் கேட்கிறார்கள்." அந்தக் கூட்டத்தில் அந்தோணியம்மா தன் மகளுக்கு மனையியல்தான் கேட்டார். டீச்சர் அவரோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து போனதை நான் பார்த்தேன். தன் வேலைக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறாரோ என்று எனக்கிருந்த சந்தேகம் அன்றுதான் முழுவதும் போயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு சமயம் வரும் என்று இருந்துவிட்டேன்.

ரசாயனப் பிரிவைத் தொடர ஜில்லா கல்வி அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று பள்ளி சொன்னது. விண்ணப்பம் போய்விட்டது என்றும் சொன்னது. டீச்சர் அதை நம்பாமல், என்னை அந்த அலுவலகத்துக்கே அனுப்பிப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஏப்ரலில் வந்து சேர்ந்திருந்தது. அதைச் சொல்லப் போனபோது அவர் படுக்கையில் இருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. "எந்தத் தேதி?" என்றுதான் கேட்டார்.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்ட வாசலில் தலைமையாசிரியை இன்னாசியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அது மனதாரச் சொன்னது என்றே எனக்குப் பட்டது. அடுத்து அவர் சொன்னதையும் எழுத வேண்டும்: "இனி ரசாயனம் எடுக்க எங்களிடம் ஆள் இல்லையே." துக்கத்தில் வந்த வார்த்தையாக இருக்கலாம். ரசாயனப் பிரிவை நடத்தாமல் விட்டால் சொல்லப்போகும் காரணமாகவும் இருக்கலாம். ரெண்டும் உண்மையாக இருக்கலாம்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒரு கேள்வியை. சவரியப்பன் வீட்டுக்குப் போய் வந்த பிறகு, பள்ளியில் எந்தப் புதுப் பாடம் வருவதாகச் சொன்னாலும் டீச்சர் முதலில் கேட்டது அதைத்தான்: "கூடவா, பதிலுக்கா?" கைத்தொழில் வருகிறது என்றாலும் சரி, தேகப்பயிற்சி வருகிறது என்றாலும் சரி, எதன் மணியிலிருந்து எடுக்கிறார்கள் என்று சொல்லும்வரை அவர் கை தட்டமாட்டார். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை நான் போகிற பள்ளி விழாக்களில் இனி நான் அதைக் கேட்பேன்.

இதை எழுதும் வெள்ளிக்கிழமை மாலை நிலவரம் இது. கல்வி அதிகாரியின் பதில் வரவில்லை. மே மாதக் கடைசிக்குள் வரும் என்று அங்குள்ள குமாஸ்தா வாயால் சொல்கிறார். எழுதித் தர மறுக்கிறார். டீச்சரின் இடத்துக்கு ஆள் வேண்டும் என்ற விளம்பரம் எங்கள் பத்திரிகை உட்பட நான் விசாரித்த எதற்கும் வரவில்லை. பள்ளி ஜூன் முதல் வாரம் திறக்கிறது. அன்று பிலோமினாவை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்க நான் போவேன். சவரியப்பனும் அன்று வேலைக்குப் போகாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.