மேலுமலை ஏற்றமும் புளியங்கட்டையும்

போன மாதம் என் மகளின் காரில் பெங்களூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஜூஜுவாடி தாண்டியதும் வழக்கம்போல நெரிசல். ஓசூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. முன்னால் நின்ற லாரியிலிருந்து கிளட்ச் தீய்ந்த வாசனை வந்தது. மகள் ஏதோ பேச்சு சுவாரசியத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அவ்வளவுதான், என் கை கதவைத் திறந்துவிட்டது. ஒரு கால் வெளியே.

"அம்மா! என்னம்மா பண்றீங்க?" என்று அவள் கத்தினாள். பின்னால் வந்த பைக்குக்காரன் திட்டிக்கொண்டே விலகிப் போனான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. குதித்து என்ன செய்வதாக இருந்தேனோ! "ஏத்தத்துல நின்னா வண்டி தானாவே புடிச்சுக்கும்மா, பின்னால போவாது" என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மகள் சொன்னாள். தானாகவே பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் வண்டியில் அந்த வேலை என்னுடையது.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். மாந்தோப்பும் கொஞ்சம் புஞ்சையும் வைத்திருந்த குடும்பம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதுகளின் நடுவில் நைனா பெங்களூருக்குப் போய் ஒரு பழைய காரோடு திரும்பி வந்தார். என்ன கார் என்று கேட்காதீர்கள். முன்னால் இருந்த பெயர்த்தகடு எங்களிடம் வருவதற்கு முன்பே உதிர்ந்துபோயிருந்தது. கைப்பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதைப் பிடித்து விளையாடத்தான் குழந்தைகளுக்கு உதவியது. கால்பிரேக் தோன்றினால் பிடிக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் நைனா இறங்கி முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் பிரேக்கில் கால் வைக்க உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஓட்டுகிற சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயம்.

இந்த வண்டியில்தான் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும், காய் இறக்குவதற்கு முன்பாக, ஜவளகிரியில் இருந்த மாமா வீட்டுக்குப் போவோம். குருபரப்பள்ளி வந்து பெரிய ரோட்டைப் பிடித்து, மேலுமலை ஏறி, சூளகிரி, ஓசூர், தளி என்று போக வேண்டும். இப்போது காலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வெகுமுன்பே போய்விடலாம். எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பெட்ரோல், சூடேறிய ரெக்ஸின் சீட்டு, தூக்குப்போசியில் புளிச்சோறு, தம்பி கோபால் எடுத்த வாந்தி எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். கோபால் குருபரப்பள்ளி வரை தாங்க மாட்டான். அவன் மூக்குக்கு அம்மா எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். அதைத் தங்கை ருக்கு திருடி உப்பில்லாமலே நக்கிக்கொண்டு வருவாள்.

பிள்ளைகளோடு அந்தப் பயணத்தைக் கடக்க அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு வேலை. வேலை இருந்தால் ஜன்னலுக்குச் சண்டை வராது என்பது அவள் கணக்கு. கோபாலுக்கு ரேடியேட்டர் தண்ணி டின். ருக்குவுக்குக் குடிதண்ணீர்க் கூஜா. மடியில் இருந்த கைக்குழந்தைக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, அதை அவன் குறைவில்லாமல் செய்தான். எனக்குக் கட்டை.

லாரி கிளீனர்கள் வைத்திருப்பார்களே, அதே முட்டுக்கட்டைதான். புளியமரத்தில் செய்தது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரிந்திருக்கும். தடித்த பக்கம் துளைபோட்டுக் கயிறு கட்டியிருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் இருமத் தொடங்கும்போதே நான் கதவைத் திறந்து வெளியே ஃபுட்போர்டில் நின்றுகொள்வேன். நைனா "கட்டே!" என்று கத்தியதும் குதித்து, பக்கவாட்டில் நின்றபடி, சரிந்த முனையைப் பின்சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ள வேண்டும். வண்டிக்கு நேர்பின்னால் ஒருநாளும் போகக் கூடாது. கோபால் தண்ணி ஊற்றி, சூடு ஆறி, நைனா ஹேண்டில் சுற்றி, ஓடிவந்து ஏறி வண்டியை நகர்த்துவார். நகர்ந்ததும் நான் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்து, கூடவே ஓடி, உள்ளே எறிந்துவிட்டுத் தாவி ஏறுவேன். எனக்காக நைனா நிறுத்த மாட்டார். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. வகுப்பில் நான் மக்கு. பாட்டு வராது, கோலம் கோணலாகத்தான் வரும். ஆனால் அந்த வண்டியைத் தவறவிட்டதே இல்லை. குடும்பத்தையே ஒரு கயிற்றில் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் தர எனக்கு மனமில்லை.

நான் பெரியவளான வருஷம் அதைப் பறித்துவிட்டார்கள். சடங்கு சுற்றி, தாவணி போட்டு, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அம்மா சொன்னாள்: "இனிமே இவ ரோட்ல எறங்கக் கூடாது. தாவணியோட குதிச்சி ஓடுனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? கோபால் போடட்டும்." நைனா தலையைச் சொறிந்தார். நான் அழுதேன். பெரியவளாவதில் இப்படி ஒரு நஷ்டம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோபால் நோஞ்சான். புளியங்கட்டையைத் தூக்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் காலில் போட்டுக்கொண்டான். உடனே நைனா, தோப்பில் விழுந்து கிடந்த ஒரு கிளையை அறுத்து அவனுக்கென்று புதுக்கட்டை செய்தார். மாந்தோப்புக்காரர்களுக்கு எது வேண்டுமானாலும் கை மாமரத்துக்குத்தான் போகும். எங்கள் வீட்டு மணையும் மாமரம், கோழிக்கூடும் மாமரம். புதுக்கட்டை தக்கைபோல் இருந்தது. வாசலில் நின்ற வண்டிக்கு அதைப் போட்டுப் போட்டுப் பழகினான். ஒவ்வொரு தடவையும் ருக்கு கைதட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்புகிற அன்று பழைய கட்டையை நான் என் காலடியில் தள்ளி, அதன்மேல் படுக்கைச் சுருட்டைப் போட்டு மறைத்துவிட்டேன். பிற்பாடு சொந்தக்காரர்கள் இதை முன்யோசனை என்று சொல்லித் திரிந்தார்கள். ஒரு யோசனையும் இல்லை, வெறும் வீம்பு. அது எங்கள் வண்டியில் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

மேலுமலையில் அன்று வெயில் கொளுத்தியது. ஏற்றத்தின் பாதிக்குமேல் போனதும் வண்டி வழக்கம்போல் இருமியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்கள் மட்டும் நட்டிருந்தார்கள். எஞ்சின் நின்றது. "கட்டே!" கோபால் குதித்தான். என் கால் தானாக எழுந்தது, அம்மா என் தாவணியைப் பிடித்து உட்கார வைத்தாள். "சும்னிரு!" கோபமோ பயமோ வந்தால் அம்மாவுக்குக் கன்னடம்தான் வரும்.

கோபால் சரியாகத்தான் போட்டான், அதைச் சொல்லியாக வேண்டும். நைனா இறங்கிப் போனார். தண்ணி ஊற்றினார்கள். ஆவி அடங்கும்வரை குழந்தை கத்தினான். நாங்கள் யாரும் இறங்கவில்லை. ஏறினால் ஊர் வந்துதான் இறங்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம், பிள்ளைகள் ரோட்டில் ஓடிவிடும் என்று. நைனா ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி குலுங்கியது. இரண்டாவது சுற்று. பின்னால் சடாரென்று ஒரு சத்தம், விறகு பிளந்ததுபோல.

முதலில் எனக்குப் புரியவில்லை. பாறை முன்பக்கமாக நகர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, நகர்வது நாங்கள். நைனா ஹேண்டிலை விட்டுவிட்டு வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் தேயத் தேய இழுபட்டு வந்தார். "பட்டுக்கோ! பட்டுக்கோ!" என்று தெலுங்கில் கத்தினார். எதைப் பிடிப்பது? கோபால் பிளந்த கட்டையின் ஒரு துண்டோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

படுக்கையை உதைத்துத் தள்ளி, புளியங்கட்டையை எடுத்துக்கொண்டு நான் குதித்தேன். தாவணி கதவில் மாட்டிக் கிழிந்து பாதி அங்கேயே நின்றுவிட்டது. நின்ற வண்டிக்குப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். பின்னால் ஓடுகிற சக்கரத்துக்குப் போட்டதில்லை. கூடவே ஓடினேன். வெள்ளைக் கற்கள் கிட்டே வந்துகொண்டிருந்தன. கட்டையைக் கயிற்றோடு முன்னால் வீசி, சக்கரம் வருவதற்குள் காலால் இடித்தேன். வண்டி அதன்மேல் ஏறப்பார்த்து, ஒரு ஆட்டம் ஆடி, நின்றது. உள்ளே ருக்கு அழவில்லை. கூஜாவைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது, பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

அப்போது பார்த்து மேலிருந்து ஒரு லாரி இறங்கியது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். லாரி நிற்காமல் போய்விட்டது. என் கை தானாக மார்பை மூடிக்கொண்டது. சற்றுமுன் இருந்த சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவள் சட்டத்தை அவளே மீறி, கீழே இறங்கினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குழந்தையை என் கையில் கொடுத்தாள். "உள்ள ஏறு" என்றாள்.

"அப்போ கட்டைய யாரு எடுக்கறது?" என்று கேட்டார் நைனா. அவருடைய உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. கோபால் பிளந்த துண்டைக் கையிலிருந்து விடாமல் நின்றான்.

"நான் எடுக்கறேன்."

"ஒன்னால ஆவாது. ஓடணும்."

"ஆவலேன்னா நடந்து வர்றேன். நீங்க வண்டிய எடுங்க."

எஞ்சின் பிடித்தது. நைனா ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார். நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டி இழுத்தாள், கட்டையைத் தூக்கினாள், ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. கொண்டை அவிழ்ந்தது. கொஞ்ச தூரம் வண்டியை எட்டிப் பிடித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. அவள் விரல்கள் ஸ்டெப்னியைத் தொட்டதை நான் பார்த்தேன். "நைனா, நிறுத்துங்க!" என்று கத்தினேன். நைனா நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. அம்மா சிறிதாகிக்கொண்டே போனாள். வளைவு திரும்பியதும் அவள் தெரியவில்லை. ருக்கு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

உச்சியில் சமதரை பார்த்து நிறுத்திக் காத்திருந்தோம். வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது. மறுபடி ஏதாவது லாரி வந்து, அதிலும் நாலு பேர் உட்கார்ந்திருந்தால்? நைனா இரண்டு தடவை கீழே நடக்கக் கிளம்பி, வண்டியை விட்டுப் போக முடியாமல் திரும்பி வந்தார்.

கடைசியில் அம்மா வந்தாள். புளியங்கட்டையைத் தண்ணிக்குடம்போல் இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு கால் வெறுங்கால். வந்து ஃபுட்போர்டில் உட்கார்ந்து கூஜாத் தண்ணியைக் கடகடவென்று குடித்தாள். மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தன வருசமும் இத்தயா தூக்கிட்டு ஓடுன?"

தலையாட்டினேன். மூட்டையிலிருந்து வேறு தாவணி எடுத்து எனக்குச் சுற்றிவிட்டாள். சூளகிரிக்கு முன்னால் இன்னொரு ஏற்றம் உண்டு. அது கண்ணில் பட்டதும், கோபால் எழப்போனான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். என் தாவணி முனையை இடுப்பைச் சுற்றி இழுத்து, வலிக்கிற அளவுக்கு இறுக்கிச் சொருகினாள்.

"போ" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு விடுமுறைதான். என்னை ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நைனா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். கட்டை கொஞ்சநாள் மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது, பிறகு எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியவில்லை. கோபால் இப்போது உயிரோடு இல்லை. ஜவளகிரி வீட்டை விற்றுவிட்டார்கள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது.

கிருஷ்ணகிரிக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேடுகிறேன். பாறையை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, ரோட்டை அகலப்படுத்தி, ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை. கார்கள் வேகம் குறையாமல் போகின்றன. யாரும் இறங்க வேண்டியதில்லை. "இங்கதாம்மா எங்கயோ" என்று மகளிடம் கை காட்டுவதற்குள் அந்த இடம் பின்னால் போய்விடுகிறது. அம்மா ஓடி நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.