அப்பாவின் கை வளர்ந்த வருடம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் என் அப்பா வளர்ந்துகொண்டிருந்தார். உயரத்தில் அல்ல, கையிலும் காலிலும். அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும். கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போய், ஆசாரி அரத்தால் அறுத்து எடுத்தார். செருப்புக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு எண் கூட்டி எடுத்துப் போட்டுப் பார்த்து, கடைசியில் “இதுக்கு மேல வர்றதே இல்லீங்க” என்று கையை விரித்துவிட்டார். தாடை முன்னால் வந்தது. மூக்கு அகன்றது. குரல் கனத்தது. எல்லாம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் கூடவே இருந்த எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. எப்போதாவது வரும் பெரியம்மா மட்டும், “உடம்பு நல்லா தேறிக்கினு வருது” என்பார். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. என் வகுப்பில் வேறு யாருடைய அப்பாவுக்கும் அவ்வளவு பெரிய கை கிடையாது.

எங்கள் வீடு சேவூரில். அம்மா வீட்டில் பட்டு நெய்தாள். அப்பா ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் வருகிறவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் என்னையும் மொபெட்டின் முன்னால் நிறுத்திக் கடைக்கு அழைத்துப்போவார். அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டு பக்கமும் என்ன வருகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். “இந்தப் பக்கம் மாடுப்பா, அந்தப் பக்கம் டவுன் பஸ்” என்று நான் கத்த, அப்பா வண்டியை ஒடிப்பார். அது எனக்காக அவர் கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் நம்பியிருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமையன்று, கல்யாணப் புடவை எடுக்க ஒரு பெண்ணும் அவருடைய அம்மாவும் கடைக்கு வந்தார்கள். மணப்பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். அப்பா மாம்பழ நிறப் புடவை ஒன்றை எடுத்து, வழக்கம்போல ஒரே வீச்சில் விரித்தார். பெண்ணின் அம்மா பார்டரைத் தடவிப் பார்த்தார். பெண் பார்டரைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புடவையை விரித்தபோதும் கையைத்தான் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“அண்ணா, நீங்க எந்த சைஸ் செருப்பு போடறீங்க?”

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். “பதினொண்ணுங்க. அதுவும் இப்ப கடிக்குது.”

“உங்க பழைய போட்டோ ஏதாவது இருக்கா?”

அப்பா தயங்கியபடி சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். அதில் பத்து வருடத்துக்கு முந்தைய படம். அந்தப் பெண் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் இருந்தவர் அப்பாவுக்குத் தம்பி மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். மோதிரம் இறுகியதா? காலையில் தலை வலிக்கிறதா? சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கிறதா? ஒவ்வொன்றுக்கும் அப்பா ஆமாம் என்றார். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கைரேகை பார்க்கிறவர்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். இவர் புறங்கையைப் பார்த்தே எங்கள் வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் சொல்கிறாரே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“பக்கவாட்டுல வர்றது எல்லாம் சரியா தெரியுதா?”

“தெரியுதுங்க,” என்றார் அப்பா.

“இல்லக்கா. வண்டியில போகும்போது நான்தான் சொல்லுவேன்,” என்றேன் நான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கோபம் இல்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை மகள் கடை நடுவில் போட்டு உடைத்துவிட்டாளே என்ற திகைப்பு. அந்தப் பெண் புடவையை ஓரமாக நகர்த்திவிட்டு, தான் டாக்டர் என்றும், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் வியாதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகவும் சொன்னார்.

“திங்கட்கிழமை கட்டாயம் வாங்கண்ணா. தள்ளிப் போடாதீங்க.”

“கையப் பாத்தே இன்னா வியாதின்னு சொல்லிடுவீங்களா?”

“கையப் பாத்தா சந்தேகம்தான் வரும். ரத்தத்தப் பாத்தாதான் சொல்ல முடியும்.”

அந்த மாம்பழ நிறப் புடவையையே கட்டித் தரச் சொல்லிவிட்டு அவர் போனார். அவருடைய அம்மா வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே போனார், இரண்டாவது புடவையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று.

வேலூரில் அப்பாவுக்கு ஒரு பெரிய டம்ளர் நிறைய சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சர்க்கரை குடித்தால் வளர்ச்சி ஹார்மோன் அடங்கிவிடுமாம். அப்பாவுக்கு அடங்கவில்லை. பிறகு தலையை ஸ்கேன் எடுத்து அந்தப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்கள். என் அப்பாவின் தலைக்குள் இருப்பதை நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, மேகம் மாதிரி இருந்தது. கடைக்கு வந்த அந்த டாக்டரம்மா பேனா முனையால் மூக்கின் வேருக்குப் பின்னால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே எல்லோருக்கும் கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, எவ்வளவு வளர வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது அதுதான் என்றார். அப்பாவுக்கு அதில் ஒரு கட்டி. போதும் என்று சொல்ல வேண்டிய வயது தாண்டியும் அது வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேலே போகும் கண் நரம்பையும் அழுத்துகிறது.

அம்மா “கேன்சராங்க?” என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அழுதாள். இல்லை என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். நான் அழவில்லை. என் மூக்கின் வேரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள்ளேயும் ஒரு கொண்டைக்கடலை உட்கார்ந்துகொண்டு, நான் எவ்வளவு உயரமாக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறது! கடவுள் எங்கே இருக்கிறார் என்று பள்ளியில் கேட்டால் இனி இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சில நாட்கள் கழித்து ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது, நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா நேராகப் பார்த்தபடியே, “இந்தப் பக்கம் எருமை. அந்தப் பக்கம் பால்காரர்,” என்றார். அம்மா அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமும் இருந்தது, என் வேலை போய்விட்ட வருத்தமும் இருந்தது.

ஆனால் கட்டி முழுவதும் வரவில்லை. பெரிய ரத்தக் குழாய் ஒன்றை ஒட்டியிருந்த துண்டைத் தொட முடியாமல் விட்டிருந்தார்கள். அதற்கு மாதாமாதம் ஊசி போட வேண்டும். இரண்டு வகை ஊசி இருக்கிறது, எது மேல் என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார் டாக்டரம்மா. யாருக்கு எந்த ஊசி என்று கம்ப்யூட்டர்தான் சொல்லும். ஒவ்வொரு மாதமும் ஒரு பகல் முழுக்க அங்கேயே இருந்து மணிக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சேராவிட்டாலும் வைத்தியம் நடக்கும்.

“எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா,” என்றார் அப்பா.

“எங்களுக்குத் தெரியலண்ணா. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறோம்.”

கையைப் பார்த்தே தலைக்குள் இருப்பதைச் சொன்னவர், தெரியவில்லை என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே என்று நான் அசந்துபோனேன். எங்கள் டீச்சர் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அப்பா மட்டும் நாற்காலியில் நெளிந்தார். ஊசி என்றாலே அவருக்கு அலுத்துப்போயிருந்தது. “ஊட்ல கேட்டுக்கினு சொல்றங்க,” என்று எழுந்தார். வீடு என்பது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மாதான்.

வெளியே வந்தபோது எதிரில் ஒருவன் கதவில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். அவ்வளவு உயரமான மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. மீசை அரும்பாத முகம். பின்னாலேயே அவனுடைய அம்மா, அவன் முழங்கையைப் பிடித்தபடி. கலசப்பாக்கம் பக்கமாம், வயல் வேலைக்குப் போகிறவர். அப்பாதான் பேச்சுக் கொடுத்தார். பையனுக்குப் பதினாறு வயது. கால் வலியால் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான்.

“ஊருல எல்லாம் இவனப் பாக்கவே வருதுங்க. போட்டோ எடுத்துக்கினு போவுதுங்க. பேஜாரா இருக்குதுங்க,” என்றார் அந்த அம்மா. அவன் பெஞ்சில் உட்கார்ந்து, நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கண் கொட்டாமல் பார்த்தேன்.

அப்பா மறுபடியும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். நானும் கூடவே போனேன்.

“அந்தப் பையனுக்கு இன்னாங்க?”

“மத்தவங்களப் பத்தி நான் சொல்லக்கூடாதுண்ணா. பொதுவா சொல்றேன். உங்களுக்கு வந்ததே வளர்ற வயசுல வந்தா, எலும்பு நீளமாயிக்கிட்டே போகும்.”

“பெத்தவங்களுக்கு இருந்தா புள்ளைங்களுக்கு வருமாங்க?”

“ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் வராது.”

அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். பேனா அவருடைய விரல்களுக்கு நடுவில் தீக்குச்சி மாதிரி இருந்தது. அவ்வளவு நேரம் தயங்கியவர் எதற்காக மனம் மாறினார் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரம்மா வருத்தப்படக்கூடாது என்று நினைத்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாதம் ஒருமுறை, வேலூர் போய்வந்த மறுநாள், அப்பா என்னைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவார். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலால் அளப்பார். பிறகு என் கையைத் தன் கைமேல் வைத்துப் பார்ப்பார். நான் வளர்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, பாவாடைக்குள் குதிகாலைக் கொஞ்சம் தூக்கி எக்கி நிற்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூடுதலாக. கோட்டை இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டு அப்பா எழுந்து போவார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை, “கை எதாவது இறுக்கமா இருக்குதா பாப்பா?” என்று கேட்டார். எனக்கு எதிர்வீட்டுப் பெண் போட்டிருந்தது மாதிரி பச்சைக் கண்ணாடி வளையல் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. “ஆமாப்பா. வளையல் எல்லாம் டைட்டா ஆயிடுச்சி. ஏறவே மாட்டேங்குது,” என்றேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கை கழுவினார். “ஜல்தி கிளம்பு,” என்றார். வளையல் கடைக்குத்தான் போகிறோம் என்று ஓடிப்போய்த் தலை வாரிக்கொண்டேன். பஸ் வேலூருக்குப் போனது.

டாக்டரம்மா என் உயரத்தை அளந்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஆஸ்பத்திரிச் சுவரோடு நிற்கும்போது எக்கி நிற்க முடியவில்லை, நர்ஸ் காலைப் பிடித்திருந்தார். ரத்தம் எடுத்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தில் என் விரல் எலும்புகளின் முனையில் மெல்லிய இடைவெளிகள் இருந்தன. “இந்த இடைவெளி வழியாத்தான் நீ வளர்றே. அது மூடினதும் நின்னுடும்,” என்றார். என்னுடைய வருங்காலம் முழுக்க அந்தச் சின்னக் கறுப்புக் கோடுகளுக்குள் இருப்பதைப் பார்த்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை முடிவுக்குப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்தப் பத்து நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் விரித்த புடவையை மடிக்க மறந்து நின்றாராம். நானோ வளையல் பேச்சே காணோமே என்று உம்மென்று இருந்தேன்.

பத்தாம் நாள் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “எல்லாம் சரியா இருக்குண்ணா. வயசுக்கு ஏத்த மாதிரிதான் வளர்றா. ஒண்ணும் இல்ல.”

அப்பா தலையை ஆட்டினார். நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு இடையில் நீர் வழிந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. என் பொய் ரத்தத்தில் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் அழுகிறார் என்று பயந்துபோனேன்.

“அப்பா, இனிமே எக்கி நிக்க மாட்டம்பா.”

“இன்னாது?”

எல்லாவற்றையும் சொன்னேன். குதிகாலைத் தூக்கியதை, வளையலுக்காகப் பொய் சொன்னதை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா சிரித்தார். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்தக் கனத்த குரலில் சிரித்தார்.

ஆரணியில் இறங்கியதும் நேராக வளையல் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா பச்சை வளையலை என் கையில் மாட்டினார், அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. “இது பெருசுங்க. பாப்பாவுக்குச் சின்ன அளவே போதும்,” என்றார்.

“போதுமா?”

“தாராளமா போதுங்க. சின்னக் கைதான்.”

“சின்னக் கைதான். சின்னதே குடுங்க,” என்று அப்பா கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பக்கத்தில் நின்றவரிடமும் ஒரு தடவை சொன்னார். ஒரு பெண்ணின் கை சின்னதாக இருப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.