கூண்டு வண்டிக்குத் தைத்த படுதா

என் அப்பா என் அம்மாவிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. ஆழ்வார்குறிச்சியில் நாங்கள் இருந்த அந்தப் பெரிய வீட்டில் அதுதான் முறை. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். அப்பா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து, "ஒங்க அம்மைகிட்ட கேளு, என் கண்ணாடிய எங்க வச்சிருக்கான்னு" என்பார். அது அம்மாவின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. இருந்தாலும் நான் திரும்பி அதை ஒருமுறை சொல்லுவேன். அம்மா என்னிடம், "அலமாரி மேல்தட்டுல இருக்குன்னு சொல்லு" என்பாள். நான் மறுபடி அப்பா பக்கம் திரும்புவேன். எட்டு வயதில் எனக்கு இந்த உத்தியோகத்தில் பெரிய பெருமை. நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் பாவம் என்னதான் செய்வார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்து கவலைப்பட்டதும் உண்டு.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அவர் வயலுக்குப் பெரியவர் என்றால் வீட்டுக்குள் இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் பெரியம்மா. ராத்திரி ஆனால் ஆண்கள் முன்பக்கப் பட்டாசாலையில் படுப்பார்கள், பெண்களும் பிள்ளைகளும் உள்ளறையில். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. தெரியும்படி வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் சரி.

சித்தப்பா வளைகுடாவில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். முந்தைய லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, மாலை வாடினதும் வாடாததுமாக விமானம் ஏறிவிட்டார். சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சித்தப்பா போன் பேசுவார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, பெரியப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னல். பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சித்தி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சாப்பிட்டாச்சா என்பாள், சாப்பிட்டேன் என்பாள், இங்கே மழை இல்லை என்பாள். போனை வைத்ததும் பெரியப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அங்கன வெயில் எப்படியாம்?" என்று கேட்பார். சித்தி அதைக் கேட்க மறந்திருப்பாள்.

அடுத்த லீவுக்கு வந்த சித்தப்பா, வந்த வாரமே அம்பாசமுத்திரத்துக்குப் போய், ரேடியோ செட்காரர் ஒருவர் ஜெனரேட்டர் ஏற்றி இழுத்துத் திரிந்த இரண்டு சக்கர வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாகக் காருக்குப் பின்னால் சின்ன வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்த் தங்குவார்களாம். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஆசை. கோயில் கொடை விழாவுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி மேல் இரும்புச் சட்டம் பற்றவைத்து, தகரம் அடித்து, உள்ளே ஒட்டுப்பலகை வைத்து, எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டார். நான்கு ஜன்னல்களும் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றியவை. கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். தெருவில் அதற்குக் கூண்டு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இழுத்துப்போக இருக்கவே இருக்கிறது பெரியப்பாவின் வயக்காட்டு ஜீப்.

சித்தி கேட்டது ஒன்றுதான். லீவு முடிவதற்குள் குற்றாலத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும், இரண்டு பேர் மட்டும். இதை அவள் என் அம்மாவிடம் மாவாட்டும்போது சொன்னாள். கிரைண்டர் ஓடும் நேரத்தில்தான் அந்த வீட்டில் ரகசியம் பேச முடியும். நான் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. லாட்ஜில் ரூம் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கூப்பிடு தூரத்தில் தங்கள் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்கினார்கள் என்று தெரிந்தால் தென்காசிச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகிறோம் என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. வண்டியை நிறுத்திக்கொள்ளப் பழைய குற்றாலத்து அருவிப் பக்கம் சித்தப்பாவின் கூட்டாளிக்கு ஒரு தோப்பும் இருந்தது.

ஆனால் சாரல் தொடங்கிவிட்டது. ஒருநாள் வண்டியைப் புறவாசலில் நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி புழுங்கியது. திறந்தால் மெத்தை நனைந்தது. சித்தப்பாவுக்கு முகமே விழுந்துவிட்டது. லீவோ கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா, கடைவாசலில் வெயிலுக்குக் கட்டுவதுபோல ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு படுதா தைத்து மாட்டினால் என்ன என்று கேட்டாள். சித்தப்பா வாயைப் பிளந்தார். அந்த நாட்டு வண்டிகளிலும் அப்படித்தானாம், அவருக்குத்தான் மறந்துவிட்டது.

சாய்வு நாற்காலிக்குப் போடுகிற கோடுபோட்ட கெட்டித் துணி வாங்கி வந்தார்கள், பச்சையும் வெள்ளையும். தையல் மிஷினில் இரண்டு ஊசி ஒடிந்ததும் அம்மா அதை மூடிவைத்துவிட்டுக் கோணி ஊசியை எடுத்தாள். துணியின் அடி விளிம்பை மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் ஒயரிங் வேலைக்கு உள்ள பிளாஸ்டிக் குழாயைச் செருக வேண்டும். மேல் விளிம்பை ஜன்னலுக்கு மேலே மரச்சட்டம் வைத்து ஆணியடித்துவிடலாம். இரண்டு கம்பு கொடுத்துக் குழாயை வெளியே தள்ளி நிறுத்தினால் ஜன்னலுக்குக் குடை பிடித்தது மாதிரி. கம்பை எடுத்துவிட்டால் படுதா விழுந்து ஜன்னலை மூடிக்கொள்ளும். தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகுவர்த்தித் துண்டுகளைத் துணி மேல் தேய்த்து, அதன்மேல் கரிப் பெட்டியால் இஸ்திரி போட்டோம். தேய்த்தது நான். வீடெல்லாம் மெழுகு வாடை, பெரியப்பா தும்மித் தீர்த்தார்.

சித்தப்பா கணக்குப் போட்டு ஒன்றரை அடி நீளம் போதும் என்றார். அம்மா ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் தொங்குகிற அளவுக்கு வெட்டிவைத்திருந்தாள்.

"மதினி, இவ்வளவு நீளம் எதுக்கு? துணி வேஸ்ட்டுல்லா?"

"சாரல் என்ன நேராவா பெய்யுது? சாய்ச்சுல்லா அடிக்கும். இருக்கட்டும்" என்றாள் அம்மா.

கொக்கி விஷயத்திலும் அவள்தான் ஜெயித்தாள். விழுந்த படுதா காற்றில் படபடக்காமல் இருக்க, குழாயின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி இழுத்து மாட்ட வேண்டும். சித்தப்பா கொக்கிகளை வெளிப்பக்கம் அடிக்கப் போனார். மழையில் எவன் எழுந்து வெளியே வந்து கட்டுவான் என்று கேட்டு, அம்மா எல்லாக் கொக்கிகளையும் உள்பக்கம் அடிக்கச் செய்தாள். சித்தப்பா தலையாட்டிவிட்டு அடித்தார். பட்டறைக்காரருக்கு வந்த சோதனை.

இதற்குள் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா டேப்பை வைத்து வண்டியின் உள்ளே அளந்து பார்த்து, நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று கண்டுபிடித்தார். நான்கு பேர் படுக்கிற இடத்தில் இரண்டு பேர் போவது எங்கள் வீட்டு வழக்கத்தில் வீண். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, அருவித் தண்ணீர் விழுந்தால் நல்லது என்று டாக்டரே சொன்னதாகப் பேச்சு வந்தது. பெரியம்மா வந்தால் பெரியப்பா வராமல் எப்படி? இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நான் சுருண்டுகொள்வேன் என்று நானும் மனுப் போட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லக்கூடிய இடத்தில் சித்தி இல்லை. அன்று கிரைண்டர் பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மிளகாய் என்று நினைத்துக்கொண்டேன்.

படுதா மாட்டி முடித்த மறுநாள் சாரல் விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. அம்மா பெரியம்மாவிடம் போய் மிகுந்த மரியாதையோடு, "அக்கா, போறதுக்கு முன்னால நீங்க ஒருக்க உள்ள இருந்து பாருங்க. ஒங்களுக்கு ஒத்துக்கிடணும்லா" என்றாள். நேரம் உச்சிப்பொழுது. பெரியம்மா கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றிவந்து, மழை வந்தால் இப்படித்தான் என்று காட்டுவதற்காக எல்லாக் கம்புகளையும் எடுத்துப் படுதாக்களை இறக்கிவிட்டாள். நீளமான படுதா, மெழுகேறிய துணி, மேலே தகரம். உள்ளே இருட்டிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி, கதவத் தொற. இதுக்குள்ள மனுசி இருப்பாளா? வெளிய ஒரு எழவும் தெரியல. மூச்சு முட்டுது."

வெளியே வந்த பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, நமக்கு வீட்டுத் தண்ணீரே போதும், வெந்நீர் வைத்து ஊற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தாள். பெரியப்பாவின் பயணமும் அதோடு தீர்ந்தது. அம்மா, அடடா, இவ்வளவு கஷ்டப்பட்டுத் தைத்தோமே என்று வருத்தப்பட்டாள். உண்மையாகவே வருத்தப்படுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மிச்சம் இருந்தது நான்தான். கிளம்புகிற அன்று விடிகாலையில் எனக்குச் சட்டை போட்டுவிட வந்த சித்தி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டே போகிறோம் அக்கா, பாவம் என்றாள். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. எனக்குத் தெரியாதா? அழுது புரண்டேன். அழுததில் உடம்பு நிஜமாகவே சுட்டது. பெரியம்மா வந்து தொட்டுப் பார்த்து, ஆமா சுடுதே என்று சொல்லிவிட்டாள். ஜீப் கிளம்பியபோது பச்சை வெள்ளைப் படுதாக்கள் நான்கும் குடை விரித்த மாதிரி ஆடிக்கொண்டு போனதை உள்ளறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஏறுவதற்கு முன் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றாள். நெஞ்சில் இருக்கிற சளி இறங்கட்டும் என்று எனக்கு அவர்கள் திரும்பிவரும் வரை கஷாயம் கொடுத்தாள் அம்மா. இல்லாத சளிக்கு நான் குடித்த கஷாயத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை கசக்கிறது. அம்மா மேல் எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் ஆறவில்லை.

போனவர்கள் வேறு ஆட்களாகத் திரும்பிவந்தார்கள். சித்தி வேலை செய்துகொண்டே ஏதோ நினைத்துச் சிரித்தாள். சித்தப்பா வளைகுடாவுக்குக் கிளம்பும்போது இதோடு கணக்கு முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார், சொன்னபடி வந்தும்விட்டார். திருநெல்வேலியில் பட்டறை வைத்தது, தனிவீடு பார்த்தது எல்லாம் அதற்குப் பிறகு.

அதுவரை கூண்டு வண்டி புறவாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. சாவி அம்மாவிடம்.

சாரல் காலம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்கதவைப் பையத் திறந்து புறவாசலுக்குப் போனேன். வெளியே பூத்தூறல். வண்டியின் நான்கு படுதாக்களும் இறங்கியிருந்தன. ஒன்றுகூடக் காற்றில் ஆடவில்லை. கொக்கிகள் மாட்டியிருந்தன, அதுவும் உள்ளேயிருந்து.

கிட்டே போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஆள் யாரென்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அப்பாவின் குரல் மாதிரி இருந்தது, ஆனால் அப்பா இவ்வளவு வேகமாக, இவ்வளவு நேரம் பேசமாட்டார். தான் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரோ ஒருவர் நடப்பதைப்போல நடித்துக் காட்டுகிறார் போலிருக்கிறது, பலகை டொக் டொக்கென்றது. அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பகீரென்றது. இரண்டு பேரும் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான் இல்லை. அம்மா எதையாவது சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்லுவாள்? ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "நான் வந்துட்டேன். என்ன சொல்லணும்?" என்று கத்தினேன்.

உள்ளே எல்லாம் நின்றது. கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையில் துடைப்பத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இரண்டு டம்ளர் காப்பி, ஒன்று இன்னும் பாதி இருந்தது. தூங்கலையாட்டி நீ என்று அம்மா கேட்டாள், திட்டவில்லை. அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் அதை நான் பார்த்ததில்லை.

அப்பா குனிந்து கதவு வழியாக வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய அப்பாவாகி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒங்க அம்மைகிட்ட சொல்லு, காப்பி நல்லா இருந்துச்சுன்னு."

நான் திரும்பி, கை எட்டும் தூரத்தில் நின்ற அம்மாவிடம் அதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா என் தலையில் விழுந்த தூறலைத் துடைத்துவிட்டு, "சரின்னு சொல்லு" என்றாள். என் வேலை இன்னும் போய்விடவில்லை என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.