எல்லாப் பட்டனுக்கும் ஒரே மஞ்சள்

இன்று காலையில் வங்கிச் செயலியைத் திறந்தால், பட்டன்கள் எல்லாம் உருண்டு திரண்டு ஊதா நிறத்தில் உட்கார்ந்திருந்தன. சலிப்பாக இருந்தது. மறுபடி பழகிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எங்கோ ஒருவர் ஒரே இடத்தில் இதை மாற்றியிருப்பார். அந்த வித்தையை எனக்குக் காட்டியவள் அமுலு.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே ஓட்டல் சாம்பார் கொதிக்கும் வாசனை ஏறிவரும் மாடியில் அப்போது எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. கம்பெனி என்றால் ஓனர், நகரிக்காரனான நான், பிச்சாட்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அமுலு, அவ்வளவுதான். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஆலை முதலாளி ஜோசியரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். சிவப்புப் பட்டன் நஷ்டம், பச்சை போடு என்பார். ஸ்கிரீன் ஸ்கிரீனாகத் திறந்து, ஒவ்வொரு பட்டனுக்கும் பச்சையடிப்போம்.

அப்போதுதான் அமுலுவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, கூலி வேலைக்குப் போகிறவர். ஓனரோ, ஆலை வேலை முடியாமல் விடமாட்டேன் என்றுவிட்டார். ஆலைக்காரர் நிறம் மாற்றுவதை நிறுத்தினால்தானே முடியும்.

அவள் நிறமடிப்பதை விட்டுவிட்டு வேறேதோ செய்துகொண்டிருந்தாள்.

“இன்னா பண்ணிக்கினுகீற?” என்றேன்.

“கலரு, மூலை, எழுத்து எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி, அதுக்கு ஒரு பேரு வெச்சிட்டேண்ணா. பட்டனுங்கள அந்தப் பேரோட கட்டிக்கினுகீறேன். அங்க மாத்துனா எல்லாம் மாறிடும். நான் போய்ட்டாலும் நீ அல்லாட வாணாம்.”

வெள்ளிக்கிழமை சித்தூரிலிருந்து போன். இப்போது மஞ்சளாம். ஓனர் தலையில் கைவைத்துக்கொண்டார். அமுலு ஒரே ஒரு வரியை மாற்றினாள். எல்லா ஸ்கிரீனும் மஞ்சள். ஒரு பட்டனாவது தப்பியிருக்குமா என்று அவர் திறந்து திறந்து பார்த்தார். பிறகு, “வெள்ளி ராம்மா, சல்லகா உண்டு” என்று தெலுங்கில், போய்வாம்மா, நன்றாக இரு என வாழ்த்தி அனுப்பினார். எனக்குச் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

பெங்களூரிலிருந்து அவள் அமெரிக்கா போனாள். எங்கள் கம்பெனி மூடி, அந்த மாடியில் லாட்ஜ் வந்துவிட்டது. போன வாரம் போனில் பேசினாள். பெங்களூர் ஆபீசில் சேர்ந்த புதிதில் அங்கிருந்த தமிழ்க்காரர்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம், சீக்கிரமே மாற்றிக்கொண்டாளாம். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஆறவில்லை.

“சாப்பிட்டீங்களா அண்ணா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். மத்தியானமானால் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “துன்னியாண்ணா?” என்று கேட்டவள். இப்போது என்னை அப்படிக் கேட்க யாருமில்லை.