இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றில் வந்த பிழை

பாபநாசம் அணைக்கட்டில் ஆற்றின் நீர்மட்டம் பார்த்து எழுதும் வேலை ஐயம்பெருமாளுக்கு 1909இல் கிடைத்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இடையில் பேச ஆள் கிடையாது. மனைவி கோமு பேதியில் போய் ஆறு வருஷம், பிள்ளையும் இல்லை. வாரம் ஒருநாள் அரிசி வாங்க விக்கிரமசிங்கபுரம் இறங்கினால் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவார். அதோடு சரி.

ஒருமுறை கருப்பட்டி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் ஒரு கேள்வி இருந்தது. 'பத்து லட்சத்து ஒன்பது பகா எண்ணா? காரணத்தோடு எழுதுக.' கீழே வேதநாயகம் என்ற பெயரும் பாளையங்கோட்டை முகவரியும்.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண் என்பது பள்ளியில் படித்த ஞாபகம். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். இந்த எண் இரண்டாகப் பகுபட்டால் ஒன்றாவது ஆயிரத்துக்குள் இருக்கும்; ஆகவே ஆயிரத்துக்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். அவை நூற்று அறுபத்தெட்டு. தினம் இரண்டு மூன்றாக வகுத்தார். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது. ஐப்பசி மழைக்குள் முடித்து, 'பகா எண்தான்' என்று கார்டு போட்டார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. '293ஐ மறுபடி பாரும்.'

பார்த்தார். வகுத்தலின் நடுவில் 380இல் 293 போக 87. அவர் 97 என்று எழுதியிருந்தார். திருத்தியதும் மீதி ஒன்றுமில்லை. 293ஐ 3413ஆல் பெருக்கினால் அந்த எண் அப்படியே வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எங்கோ ஓர் ஆள் தான் வகுத்த எண்ணை உட்கார்ந்து வகுத்திருக்கிறார் என்ற நினைப்பில் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

லீவு கேட்டு, அம்பாசமுத்திரத்தில் ரயிலேறிப் பாளையங்கோட்டைக்குப் போனார். வேதநாயகம் அவர் வயதுக்காரர். கலெக்டர் கச்சேரியில் நகல் எழுதுபவர்.

"நீருதானா வே அது? நாலு வருசமா ஆரும் எழுதல. நீரு ஒருத்தர்தான்."

"தப்பால்லா எழுதிட்டேன் அண்ணாச்சி."

"தப்புன்னாலும் எழுதுனீரே. உள்ள வாரும்."

சாயங்காலம் வரை இருவரும் சிலேட்டில் எண்களைப் பகுத்துக்கொண்டிருந்தார்கள். வேறெதுவும் அதிகம் பேசவில்லை.

இரண்டு வருஷம் கார்டுகள் போய் வந்தன. பிறகு வேதநாயகம் மகனோடு கொழும்புக்குப் போனார். அங்கிருந்து கடிதம் இல்லை. 1913இல் ஐயம்பெருமாள் பத்து லட்சத்து மூன்றை எடுத்து வகுத்தார். எதிலும் வகுபடவில்லை. பாளையங்கோட்டை முகவரிக்கே அதை எழுதினார். 'ஆள் இல்லை' என்று கார்டு திரும்பி வந்தது.

கார்டை நீர்மட்ட நோட்டுக்குள் வைத்தார். சரிபார்க்க வேறு ஆள் இல்லாததால், இரண்டில் தொடங்கி நூற்று அறுபத்தெட்டு வகுத்தலையும் தாமே இன்னொரு தடவை போட்டார். விடை சரியாகவே இருந்தது.